காலாண்டு முடிவில் பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. கலைத் திருவிழாவில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகள் வழக்கம்போல் மாலை 4.30-க்கு. கால்பந்து அணியும் புதிய பயிற்சியாளரின்கீழ் குறுவட்டப் போட்டிகளை ஆடி முடித்துள்ளது. அனைவருக்கும் பாராட்டுகள்.

கால்பந்து பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முன்பு கோல்கிக் (எதிரணி கடைசியாகத் தொட்ட பந்து கோலாகாமல் நம் கோல்கோட்டைத் தாண்டினால், அதை நாம் உதைத்துத் தொடங்குவது) என்றால் பந்தை ஓங்கி நடுக்களத்துக்கு அடிப்பார்கள். இப்போது கோல்கீப்பர் பக்கத்திலுள்ள பேக்குக்கு, அதாவது தடுப்பாட்டக்காரருக்கு, தட்டிவிடுகிறார். 2019-இலிருந்து ஆட்ட விதி இதற்கு இடம் தருகிறது. பந்து கோலுக்கு முன்னுள்ள பெனால்டி கட்டத்தைத் தாண்ட வேண்டியதில்லை. உதைபட்டு நகர்ந்ததுமே ஆட்டம் தொடங்கிவிடும். அதுவரை எதிரணியினர் கட்டத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இப்படிப் பந்தை வாங்குவதற்காகவே நம் பேக்குகள் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக விலகி நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து "தூக்கி அடிடா!" என்று குரல் வந்தால் கோல்கீப்பர் ஒரு நொடி தடுமாறுகிறார். அரைமனதாக அடித்த பந்து எதிரணியின் காலில் போய் விழுகிறது; கோலுக்கு முன்னே நடுவில் தடுக்க ஆளில்லை. நாம் வாங்கிய கோல்களில் சில இப்படி வந்தவை. எல்லாப் பழியும் உங்கள்மேல் இல்லை. பந்து வருமுன் திரும்பிப் பார்த்து, பின்னால் யார் வருகிறார் என்று தெரிந்துகொள்ளும் பழக்கம் பையன்களுக்கு இன்னும் படியவில்லை. அதற்கு நாளாகும்.

இனி கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டப்படும். அதற்குப் பின்னால் நில்லுங்கள். கோலுக்குப் பின்னால் வேண்டாம். கைதட்டலாம், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தலாம். "அடி", "ஏறு", "பாஸ் போடு" என்பதெல்லாம் பயிற்சியாளர் வாயிலிருந்து மட்டும்தான் வர வேண்டும். நடுவரைத் திட்டுவது கூடவே கூடாது. வெளியார் இடையூறுக்காக ஆட்டத்தையே நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு. மீறுபவர் யாராக இருந்தாலும் மைதானத்தைவிட்டு வெளியே அனுப்புவேன்.

"என் பையனை ஏன் இறக்கவில்லை" என்று பயிற்சியாளரை இரவு பத்து மணிக்கு அழைப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சனிக்கிழமை காலை 10 முதல் 11 வரை உடற்கல்வி ஆசிரியரோடு அவரும் இருப்பார். நேரில் வாருங்கள், பதில் சொல்வார்.

ஆர்வம் இல்லாதவர்கள் வேலையை விட்டுவிட்டு வெயிலில் வந்து நிற்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்த தாய்மார்களுக்கும், ஜெர்சிகளைத் துவைத்துத் தந்தவர்களுக்கும், பையன்களை வண்டியில் அழைத்துவந்தவர்களுக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி.

திங்கள் காலை 6 மணிக்கு மீண்டும் பயிற்சி. ஷின்கார்டு (முன்காலில் அணியும் தடுப்பு) கட்டாயம். கையில் கட்டிய கயிறு, காப்பு, கடுக்கன் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்