‘அறியப்படாத பாகம்’ பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக வாட்ஸாப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம் கடையில் பேட்டரி மாற்றிய ஒரு போனின் திரையில் ‘அறியப்படாத பாகம்’ என்று செய்தி வந்திருக்கிறது. “ஒரிஜினலை உருவிக்கொண்டு டூப்ளிகேட்டைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்” என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். சிலர் அதை எனக்கே அனுப்பி, “என்ன இது?” என்று கேட்டீர்கள். நேரடியாகக் கேட்டதற்கு நன்றி. கேட்காமலே நம்பிவிட்டவர்களும் இருப்பார்கள் என்பதால்தான் இந்த மடல்.

பேட்டரியின் தலைப்பக்கம் பட்டையாக ஒரு சின்ன சர்க்யூட் போர்டு ஒட்டியிருக்கும். பல மாடல்களில் சார்ஜ் எவ்வளவு மிச்சம், எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. சில மாடல்களில் ஒரு வரிசை எண்ணும் அதில் பதிந்திருக்கும். தொழிற்சாலையிலேயே அந்த எண்ணையும் போனின் மதர்போர்டையும் ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். பிறகு வேறு எண்ணுள்ள பேட்டரி உள்ளே வந்தால், நிறுவனத்தின் மென்பொருள் வழியாகப் பதிவு செய்தால் தவிர, அந்தச் செய்தி வரும். வந்த பேட்டரி நல்லதா கெட்டதா என்று போன் சோதித்துச் சொல்லும் தீர்ப்பு அல்ல அது. எண் பொருந்தவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஒரே மாடலில் இரண்டு புதுப் போன்களைத் திறந்து, ஒன்றின் பேட்டரியை மற்றதில் மாற்றிப் போட்டாலும் இரண்டிலும் செய்தி வரும். இரண்டுமே நிறுவனம் போட்ட பேட்டரிகள்தான்.

திரைக்கும் இதே கதை. அறை வெளிச்சத்துக்கு ஏற்றபடி நிறத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, திரையை மாற்றியதும் சில மாடல்களில் காணாமல் போய்விடும். விரல்ரேகை சென்சாருக்கு இப்படி ஒரு பூட்டு இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே உங்கள் பணமும் அந்தரங்கமும் இருக்கின்றன. பேட்டரிக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி. இதை நான் மட்டும் கேட்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் இத்தகைய ஜோடிப் பூட்டுக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தது. 2025-க்கு முன் தயாரான கருவிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. 

அப்புறம், உருவிக்கொண்டோம் என்ற பேச்சு. அதுதான் உண்மையிலேயே வலிக்கிறது. அந்தப் போன் வந்தபோது பேட்டரி உப்பி, திரையை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தது. லித்தியம் பேட்டரி வயதாகியோ சூடுபட்டோ கெடும்போது உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற வேதிப்பொருள் சிதைந்து வாயுவாகிறது. உறை பலூன் மாதிரி வீங்குகிறது. அதைக் குத்தாமல், மடக்காமல், பசையை மெதுவாக இளக்கி வெளியே எடுப்பதே பெரிய வேலை. எடுத்தபின் அது யாருக்கும் பயன்படாது. பத்திரமாகக் கழிவு மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருள் அது. இதை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் யாரை ஏமாற்ற முடியும்?

இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்க விரும்பவில்லை. இனி கழற்றுவதற்கு முன் பழைய பாகத்தின் எண்ணையும், மாட்டுவதற்கு முன் புதியதன் எண்ணையும் படமெடுத்து உங்களுக்கே அனுப்பிவிடுவோம். கழற்றிய திரை, சார்ஜிங் போர்டு போன்றவற்றைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்போம். உப்பிய பேட்டரியை மட்டும் காட்டுவோம், கொடுக்க மாட்டோம். அதை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. எந்த மாடலில் இந்தச் செய்தி வரும் என்பதையும் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம்.

மைக்ரோஸ்கோப்பில் போர்டு வேலை பார்த்த தம்பி வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். நல்ல கை அவருக்கு, நன்றாக இருக்கட்டும். அதனால் போர்டு வேலைகளுக்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும். உதிரிபாக விலையும் ஏறியிருப்பதால் அடுத்த மாதம் முதல் திறந்து பார்ப்பதற்கு ஒரு கட்டணம் உண்டு, சரியாகாவிட்டாலும்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் வழக்கம்போல வந்துகொண்டிருப்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. போன வாரம் ஒரு அம்மா, “சார்ஜே ஏறல, புதுசுதான் வாங்கணுமாம்” என்று போனை நீட்டினார். துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தால், பையில் கிடந்து கிடந்து சேர்ந்த துணிப்பஞ்சு அடியில் அட்டை போல இறுகிக் கிடந்தது. போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் ஓரத்திலிருந்து நெம்பினேன். சாம்பல் நிறத்தில் ஒரே துண்டாக வந்தது. கேபிளைச் செருகியதும் ‘டக்’கென்று உட்கார்ந்தது, சார்ஜ் ஏற ஆரம்பித்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இந்த மாதிரி நேரங்களுக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். வீட்டில் நீங்களே செய்வதானால் ஊசியோ பின்னோ விடாதீர்கள், உள்ளே இருக்கும் முனைகள் வளைந்துவிடும்.

இன்னொன்று. கொடுக்க வரும்போது படங்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்துவிட்டு வாருங்கள். இன்றைய போன்களில் சேமிப்பு முழுக்க, அந்தப் போனின் போர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. போர்டு செத்துவிட்டால் மெமரி சிப்பைத் தனியாகக் கழற்றினாலும் படங்கள் கிடைக்காது. பாஸ்வேர்டை எங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் தவறே இல்லை. சில ஆண்ட்ராய்டு போன்களில் பழுதுபார்ப்பதற்கென்றே தனி முறை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உங்கள் படங்களும் செய்திகளும் எங்கள் கண்ணில் படாது. எப்படிப் போடுவது என்று கேளுங்கள், உங்கள் கையாலேயே போட வைக்கிறோம்.

அந்தப் படத்தை முதலில் பகிர்ந்தவரும் வரலாம். இரண்டு பழைய போன்களை எடுத்து வைத்திருக்கிறேன். பேட்டரியை மாற்றிப் போட்டு அவர் கண்ணெதிரே காட்டுகிறேன், அதற்குக் கட்டணம் கிடையாது.

நன்றியுடன்,
கடை உரிமையாளர்