வாழைநார் கொண்டுவந்த அம்மாவுக்கு

ஊட்டி தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சியில், அந்த ராத்திரி மழைக்குப் பிறகு கைகொடுத்த எல்லோருக்கும் அலங்காரக் குழுவின் வணக்கம்.

தண்ணீரை உறிஞ்சி வைத்துப் பூத்தண்டைப் பிடித்துக்கொள்ளும் பச்சை மலர்ப்பஞ்சில் கார்னேஷன் பூக்களைக் குத்தி நாங்கள் ஒரு யானை செய்திருந்தோம். மழையில் அதன் பூக்கள் நழுவிவிட்டன. காலையில் கூட்டம் உள்ளே வந்தபோதும் யானையின் ஒரு பக்கம் வெறும் பச்சைப் பஞ்சாகத்தான் நின்றது.

கார்னேஷன் நனைந்தால் இதழ்களுக்கிடையே தண்ணீர் தேங்கித் தலை கனக்கும். தலை சாயச் சாயப் பஞ்சில் துளை பெரிதாகும். மலர்ப்பஞ்சு ரப்பர் இல்லையே, விரிந்த துளை மூடாது. அதிலேயே திரும்பக் குத்தினால் தண்டைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும், நீர் ஏறாது, மத்தியானத்துக்குள் பூ சுருங்கிவிடும். புதுப் பஞ்சுக்கும் அவசரம் ஆகாது. தண்ணீரில் மிதக்கவிட்டால் அது தானாக அமிழ வேண்டும். கையால் அழுத்தி முக்கினால் வெளியே ஈரம், நடுவே காய்ந்த கட்டி. அன்றைக்கு நாங்கள் அழுத்தித்தான் முக்கினோம்.

கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. சத்தியமங்கலம் பக்கம் பூக்கட்டுகிறவர். பேரப்பிள்ளைகளோடு இ-பாஸ் எடுத்து மலையேறி வந்த குடும்பம். "அதுல குத்துனா நிக்காது கண்ணு, கம்பியோட சேத்துக் கட்டோணும்" என்றார். கைப்பையிலிருந்து ஒரு சுருள் வாழைநார் வெளியே வந்தது. 1848-இல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் வகுக்கத் தொடங்கிய இந்தத் தோட்டத்தில் எந்த நாட்டு மரமும் கிடைக்கும், வாழைநாருக்கு எங்கே போவது?

காய்ந்த நார் மடக்கினால் ஒடியும். வாளியில் ஊறப்போட்டு, நகத்தால் மெல்லிசாகக் கிழித்தார். அடிக்கணுவுக்கு அரை அங்குலம் கீழே தண்டைச் சாய்வாக வெட்டி, பூவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டு, தண்ணீர் உதிரும். பழைய துளைக்குப் பக்கத்தில் புதிதாகக் குத்தி, கணுவுக்கு மேலே, பூப்பக்கமாக ஒரு சுற்று. அடுத்த சுற்று பஞ்சின் மேலிருக்கும் கோழிவலைக் கம்பியில். பூ வெளியே நழுவப் பார்த்தால் கணு முடிச்சில் மாட்டிக்கொள்ளும். மெல்லிய கம்பியால் கட்டியிருந்தால் தண்டை அறுத்திருக்கும், நார் அறுக்காது. எங்கள் பயிற்சியில் இது இல்லை.

பிள்ளைகள் கல்மரத்தையும் கண்ணாடி மாளிகையையும் பார்த்துவிட்டுத் திரும்பியபோதும் அம்மா வரிசையை விட்டு எழவில்லை. வருஷம் முழுக்கப் பூவோடு இருப்பவர், லீவு நாளிலும் பூவோடுதான் உட்கார்ந்தார். பணம் நீட்டினோம். முறைத்தார்.

பனிக்காலத்தில் கோத்தகிரி மலார் என்கிற செடியைப் போட்டு நாற்றுகளை மூடிக் காத்தவர்கள், மலர் மாடத்துத் தொட்டிகளை விடிவதற்குள் நிமிர்த்தியவர்கள், டீ கொண்டுவந்தவர்கள், கயிற்றைத் தாண்டாமல் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்ட பெற்றோர்கள் எல்லோருக்கும் நன்றி. குறிப்பாகக் கடைசியில் சொன்னவர்களுக்கு.

இனி ஒவ்வொரு மே மாதமும் எங்கள் பெட்டியில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இரண்டு சுருள் வாழைநார் இருக்கும். பஞ்சை முந்தின நாளே மிதக்கவிடுவோம்.

அம்மா, யானையின் இடது காதுக்குக் கீழே இருந்த சிவப்பு வரிசை நீங்கள் கட்டியது. கண்காட்சி முடிந்து நாங்கள் கலைக்கும்வரை அதில் ஒரு பூகூட நழுவவில்லை.