நீங்கள் கேட்ட வழிகாட்டியும் நான் கேட்கும் அறையும்

மதிப்பிற்குரிய சபா செயலாளர் அவர்களுக்கும் மலர்க் குழுவினருக்கும்,

வணக்கம். இந்த ஆண்டு டிசம்பர் இசை விழா மலரில் வெளியிட, 'உள்ளூர்க் கலைஞர் ஒருவரின் வழிகாட்டி' என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதித் தரும்படி நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. வெளியூர்களிலிருந்து வரும் ரசிகர்களுக்கு எந்தச் சபா எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு வந்தால் இடம் கிடைக்கும், எதைக் கேட்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பதையெல்லாம் 'சுவைபட' எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். முப்பது வருடமாக இந்த ஊரில் மிருதங்கம் வாசிக்கும் என்னை நினைவில் வைத்துக் கேட்டதற்கு மனமார்ந்த நன்றி.

எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கம் நிறைவதற்குள் போன மார்கழியில் நான் உட்கார்ந்திருந்த உங்கள் மாடிப்படி நினைவுக்கு வந்துவிட்டது. தை மாதம் ஒரு கடிதமும் ஆடியில் ஒரு கடிதமும் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. ஆகவே மூன்றாவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நீங்கள் கேட்ட வழிகாட்டியும் இதற்குள்ளேயே இருக்கிறது, வேண்டிய மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் மலர்க் குழுவில் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று எனக்கு 2 மணிக் கச்சேரி. பாட வந்தவர் பத்தொன்பது வயதுப் பெண், சுருதி ஐந்தரைக் கட்டை. (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு, எண் ஏறினால் சுருதியும் ஏறும்.) நான் 1.15-க்கே வந்துவிட்டேன். மேடைக்குப் பின்னால் இருக்கும் கலைஞர் அறை பூட்டியிருந்தது. சாவி கேட்டேன். மாலையில் பட்டமளிப்பு விழா இருக்கிறது, பொன்னாடைகளும் கேடயங்களும் பூக்கூடைகளும் உள்ளே இருக்கின்றன, அதனால் திறக்க முடியாது என்றார்கள். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது கதவுக்கு வெளியே கேட்டது. பூ வாடக் கூடாதல்லவா.

எங்களுக்குக் காட்டப்பட்ட இடம் கேன்டீனுக்குப் போகும் மாடிப்படியின் திருப்பம். ஒரு பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி, மறுபக்கம் மாலை தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர். அந்தக் கிரைண்டருக்கு ஒரு சுருதி உண்டு, ஏறக்குறைய நாலரைக் கட்டை. அந்தப் பெண் காதில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஐந்தரையில் நிற்கப் பார்க்கிறாள், கிரைண்டர் அவளைக் கீழே இழுக்கிறது. வயலின்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தந்தியைக் கூட்டினார். கஞ்சிரா வாசிக்க வந்தவருக்கு மட்டும் ஒரு வசதி: தோலில் தடவத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

மிருதங்கத்தின் சங்கதி வேறு. தொப்பி என்னும் இடப்பக்கத் தோலில் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அப்ப வேண்டும், அப்போதுதான் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் பேசும். வலந்தலை என்னும் வலப்பக்கத் தோலில் மூட்டு என்ற பின்னல் விளிம்பைச் சுற்றி, மரக்கட்டையை வைத்துக் கல்லால் தட்டித் தட்டி எல்லாப் பக்கமும் ஒரே சுருதியில் நிற்க வைக்க வேண்டும். மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அமைதி இருந்தால் பத்து நிமிட வேலை. தொட்டியில் எவர்சில்வர் தட்டுகள் விழுந்துகொண்டிருந்தால் அரை மணி நேரத்திலும் முடியாது. இன்னொன்று, தோலுக்குக் காற்று தெரியும். ஈரமும் ஆவியுமான மாடிப்படியில் சேர்த்த சுருதி, குளிரூட்டிய அரங்குக்குள் போனதும் நகர்ந்துவிடும். அன்றும் நகர்ந்தது. தொடக்கப் பாட்டான வர்ணம் முடிவதற்குள் நான் கல்லை எடுத்தேன், இரண்டாவது கீர்த்தனையில் மறுபடி எடுத்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கச்சேரி முடிந்ததும் வந்து, "வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு வரக் கூடாதா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மாடிப்படி தெரியாது.

அன்று அவசரத்தில் நான் ரவையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அது என் தவறு. கேன்டீன் சமையற்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உப்புமாவுக்கு எடுத்து வைத்திருந்ததிலிருந்து ஒரு பிடி கொடுத்தார். கிண்ணமும் கொடுத்தார். கூடவே ஒரு வாய் காப்பியும். "ஐந்து நிமிடம் நிறுத்தட்டுமா?" என்று கிரைண்டரைக் காட்டிக் கேட்டவரும் அவர்தான். உங்கள் கட்டடத்தில் அன்று கச்சேரியைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே நிர்வாகி அவர்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பகல் கச்சேரிக் கலைஞர்களுக்கு ஓர் அறை வேண்டும். பத்துக்குப் பத்து போதும். மூடக்கூடிய கதவு, அரங்கில் இருக்கும் அதே குளிர், கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்னால் சாவி. இவ்வளவுதான். பாட வரும் பெண்கள் புடவை மடிப்பைச் சரிசெய்யவும் அந்தக் கதவு தேவைப்படும். அதை நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட வழிகாட்டி.

வெளியூர் ரசிகர்களே, இந்த விழாவின் கதை சுருக்கமானது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அரசியல் மாநாட்டோடு ஒட்டிப் பிறந்த விழா என்பதால்தான் இன்றும் பொன்னாடைக்கும் உரைகளுக்கும் இவ்வளவு நேரம் போகிறது என்பது என் சொந்த ஆராய்ச்சி. அகாடமிக்கும் மூத்தது 1900-இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபா. மேடைகளில் தமிழ்ப் பாட்டு 'துக்கடா'வாக, கச்சேரிக் கடைசியில் பாடும் சில்லறை உருப்படியாக ஒதுக்கப்பட்டதை எதிர்த்து 1943-இல் எழுந்த தமிழ் இசைச் சங்கத்தின் விழாவைக் கேட்க, பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போக வேண்டும். மயிலாப்பூரை விட்டு வெளியே வராத ரசிகர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்கலாம். பஸ் நிறைய உண்டு.

மயிலாப்பூரில் கச்சேரி ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. பெயரைப் பார்த்துச் சபா தேடி அங்கே போய்விட வேண்டாம். அந்தக் கச்சேரி அரசாங்க அலுவலகக் கச்சேரி, பாட்டுக் கச்சேரி இல்லை. மெட்ரோ வேலை நடப்பதால் லஸ் பக்கம் ஆட்டோக்காரர்கள் எந்தத் தெரு வழியாகச் சுற்றுவார்கள் என்பது அவர்களுக்கே அன்றன்றுதான் தெரியும். பறக்கும் ரயிலில் வந்து திருமயிலையில் இறங்கி நடப்பது உத்தமம்.

விடியற்காலையில் எழுந்திருக்க முடிந்தால் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் மார்கழி பஜனை கேளுங்கள். பாபநாசம் சிவன் நடந்து பாடிய வீதிகள் அவை. மைக் இல்லை, டிக்கெட் இல்லை, பட்டம் இல்லை. காலையில் அகாடமியில் நடக்கும் செயல்முறை விளக்கங்களில் ஒரு ராகத்தைப் பற்றி வித்வான்கள் சண்டை போடாத குறையாக விவாதிப்பார்கள். சில மாலைக் கச்சேரிகளைவிட அதில் விறுவிறுப்பு அதிகம்.

பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் நடக்கும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் டிக்கெட் கிடையாது. தவறாமல் வாருங்கள். நாளைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கேட்கப் போகும் குரலை இன்றைக்குச் சும்மா கேட்கலாம். நாற்பது நிமிடம் ஆசை தீர ராகம் பாட அவர்களுக்கு இடம் இருக்காது, ஒன்றரை மணி நேரத்துக்குள் வர்ணத்திலிருந்து மங்களம் வரை ஓட வேண்டும். ஆனால் அந்த வயதில் இருக்கும் பயமும் துணிச்சலும் பிறகு வராது. அவர்களுக்குச் சன்மானமாகக் கிடைக்கும் கவரில் என்ன இருக்கும் என்று கேட்காதீர்கள். பக்கவாத்தியக்காரர்களின் கவரை நாங்களே வீட்டுக்குப் போய்த்தான் பிரிப்போம், ஆட்டோவில் பிரித்தால் ஆட்டோக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. சில இடங்களில் மேடை ஏறுவதற்கு 'நன்கொடை' என்ற பெயரில் பாடுபவர்களிடமே பணம் வாங்குகிறார்கள். உங்கள் சபாவில் அந்த வழக்கம் இல்லை, செயலாளர் அவர்களே. இதை வஞ்சப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையாகவே மதிக்கிறேன்.

அடுத்தது தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. ரசிகர்களுக்கு என் ஒரே உபதேசம் இது: எழுந்து போகாதீர்கள். தனி ஆரம்பித்ததும் அரங்கில் பாதிப் பேர் கேன்டீனுக்குப் படையெடுப்பது இந்த ஊரின் பழைய பண்பாடு. கீரை வடை சூடாக இருக்கும் நேரம் அதுதான் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை உட்கார்ந்து, தொடையில் ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு கேளுங்கள். சதுச்ரத்தில், நான்கு நான்காக, நிதானமாகத் தொடங்குவது திச்ரத்துக்கு, மூன்று மூன்றாக, திரும்பும்போது உங்கள் கை தடுமாறும். தடுமாறினால் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். மோரா என்ற முடிப்புச் சொற்கட்டு முடிந்து, கோர்வை என்ற இறுதிக் கோப்பு மூன்று முறை வந்து, பாட்டுத் தொடங்கும் எடுப்பில் சரியாக இறங்கும் இடத்தில் தலை தானாக ஆடும். மியூசிக் அகாடமி பிறந்து 38 வருடம் கழித்து, 1966-இல்தான் மிருதங்கக்காரர் ஒருவருக்கு அதன் உயரிய பட்டமான சங்கீத கலாநிதி கிடைத்தது. பாலக்காடு மணி அய்யர். அவரே மைக் வேண்டாம் என்று வாசித்தவர். மைக் இல்லாமல் வாசிக்க வேண்டுமானால் அரங்கம் அமைதியாக இருக்க வேண்டும், வாத்தியம் ஒழுங்காகச் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

பாருங்கள், எங்கே தொடங்கினாலும் அந்த அறைக்கே வந்து நிற்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. எந்தச் சபாவில் இந்த வருடம் யார் சமையல், அடைக்கு அவியலா வெல்லமா, காசி அல்வாவில் நெய் எவ்வளவு என்றெல்லாம் பத்திரிகைகள் விரிவாக எழுதிவிடுகின்றன. கேன்டீன் ஒப்பந்தக்காரருக்கு அடுப்பங்கரை, கிடங்கு, கழுவும் இடம், ஆட்கள் உடை மாற்றும் இடம் எல்லாம் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன. நியாயம்தான், அவர் கேட்டு வாங்கிவிடுகிறார். நாங்கள் கேட்டால் மட்டும் 'கலைக்கு அர்ப்பணிப்பு' பற்றி ஒரு சொற்பொழிவு வருகிறது. சென்னை 2017-இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சேர்ந்தது. அதைக் கொண்டாடி நாம் எத்தனை பேனர் வைத்தோம்! ஒரு பேனருக்கான துணியில் அந்த மாடிப்படிக்கு ஒரு திரையாவது கட்டியிருக்கலாம்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. சபா நடத்துவது எளிதல்ல என்பது தெரியும். மின்கட்டணம், வரி, காலியான நாற்காலிகள், கடைசி நேரத்தில் தொண்டை கட்டிவிட்டது என்று தொலைபேசும் வித்வான்கள், பாஸ் கேட்டு வரும் பெரிய மனிதர்கள் எல்லாவற்றையும் சமாளிக்கிறீர்கள். நீங்களும் உங்கள் குழுவும் சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறீர்கள். இந்த மேடை இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் வீட்டுக் கூடத்தில் தட்டிக்கொண்டிருப்போம். அதை மறந்து எழுதவில்லை. புதிய அறை கட்டச் சொல்லவில்லை. இருக்கும் அறையைத் திறந்துவிடச் சொல்கிறேன். பொன்னாடைகளை அலுவலக அலமாரியில் வைக்கலாம், அவை சுருதி மாறாது. பூக்கூடைகளை வேண்டுமானால் எங்கள் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மலர் அச்சுக்குப் போகும் தேதி கார்த்திகைக் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள். வழிகாட்டிப் பகுதியை அதற்கு முன்னால் தனியாகப் பிரித்து, கிரைண்டரை நீக்கி, சுவைபட எழுதித் தருகிறேன். இந்த வருடமும் எனக்கு உங்கள் சபாவில் 2 மணிக் கச்சேரி என்று அட்டவணையில் பார்த்தேன். பாடுபவர் ஒன்றரைக் கட்டை, ஆகவே பெரிய மிருதங்கம் கொண்டு வருவேன். 1.15-க்கு வந்துவிடுவேன். அந்த அறையின் சாவி அன்று யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் ஒரு வரியில் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரவை நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபாவின் பகல் நேர மிருதங்கக்காரன்,
மந்தைவெளி