என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்ட எல்லாருக்கும்

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் பிளாட்டில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு நலமாக இருக்கிறேன். இதை நேரில் கேட்கப் பலர் தயங்கியது எனக்குத் தெரியும். "உடம்பு சரியில்லையாமே" என்று ஆரம்பித்து அப்படியே பேச்சை மாற்றிவிடுவீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்ச் செய்துகொண்டேன். மருத்துவமனையின் பெயரையும் டாக்டரின் பெயரையும் மட்டும் எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், வேண்டாமே என்று அவரே கேட்டுக்கொண்டார். அவருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் மற்றவர்களுக்கு.

டாக்டரின் வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அதன் வழியாக இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழ அளவில் நிற்கிறது. அதன் பிறகு வந்த ஆறு வாரம்தான் உங்கள் வேலை. 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் தாளில் எழுதியே கொடுத்தார்கள். என் மகளுக்கு இரண்டு வயது. 11 கிலோ.

அந்த ஒரு வரியைப் படித்தபோதுதான் எனக்குக் கதி கலங்கியது. கத்தி, மயக்க மருந்து எதற்கும் அவ்வளவு பயப்படவில்லை. கட்டிலில் இருந்து இறக்க, குளியலறையில் கழுவிவிட, காரில் ஏற்ற, கடையில் அடம்பிடித்துத் தரையில் உட்கார்ந்தால் எழுப்ப, தூங்கிப்போனால் படுக்கையில் கிடத்த என்று எல்லாவற்றுக்கும் இந்த வயதுப் பிள்ளையைத் தூக்கத்தான் வேண்டும். தூக்காமல் எப்படி வளர்ப்பது?

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். மகள் வயிற்றில் இருந்தபோது வந்த சர்க்கரை நோய், அவள் பிறந்த பிறகும் போகவில்லை. முட்டி வலி வேறு. குறட்டைக்கு நடுவே என் மூச்சு நின்று நின்று வருவதைக் கேட்டு என் வீட்டுக்காரர் பாதி இரவு உட்கார்ந்திருப்பார். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் எடைக் குறியீடு 41. இதற்கெல்லாம் எனக்குக் கிடைத்த அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: வாயைக் கட்டு. சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் கல்யாணப் பந்தியில் பிள்ளைகள் காதுபடச் சொல்லும்போது சுருக்கென்று இருக்கும்.

நான் போகும் அரசாங்க கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மலாய்க்காரப் பெண். சந்திப்பு அட்டையின் பின்பக்கத்தில் இரைப்பையைப் படம் போட்டார். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அதன் மேல்பகுதியில்தான் சுரக்கிறதாம். வெட்டி எடுக்கும்போது அந்தப் பகுதியும் போய்விடுவதால்தான் பசி அடங்குகிறது, வயிறு சின்னதாவதால் மட்டும் இல்லை என்று விளக்கினார். 2022இல் எடைக் குறைப்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் அதே துறையின் அனைத்துலகக் கூட்டமைப்பும் சேர்ந்து விதிமுறைகளைப் புதுப்பித்ததையும் அவர்தான் சொன்னார். குறியீடு 35ஐத் தொட்டுவிட்டால் கூடவே வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள். "கக் (அக்கா), நீங்கள் மட்டும் இல்லை" என்று 2023 தேசிய சுகாதார ஆய்வையும் காட்டினார். மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். பந்தியில் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! டாக்டர், அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. நன்றி.

பினாங்கிலேயே செய்யலாமே, எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்டவர்களுக்கு: செய்யலாம்தான். எனக்கு முன்னால் செய்துகொண்ட அலுவலகத் தோழி நம்பிய டாக்டர் அங்கே இருந்தார். சித்தி வீடும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. ஆனால் முடிவு எடுத்தது என் மாமியார். "பிள்ளை அழுதா நீ மூணாம் நாளே தூக்கிடுவே. தூரமாப் போய்ப் படு" என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

அத்தைக்கு என்ன நன்றி சொல்வது? அறுவை சிகிச்சைக்கு முந்திய இரண்டு வாரம் எனக்குப் புரதப் பானமும் தெளிந்த சூப்பும்தான். கல்லீரலின் ஒரு பக்கம் இரைப்பையை மூடிக்கொண்டு இருக்கிறது, அது சுருங்கினால்தான் டாக்டருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும் என்பதற்காக இந்தப் பத்தியம். அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டு அடுப்பில் தாளிப்பு வாசனை வரவில்லை. மூன்று வேளையும் அத்தை தன் வீட்டில் சமைத்து, பிள்ளைகளுக்கு அங்கேயே ஊட்டி, வாய் கழுவி அனுப்புவார். இதை நான் கேட்கவே இல்லை. ஒருநாள் மகன் பொரித்த கோழி வாசனையோடு வந்து நின்று, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே "நான் ஒண்ணுமே சாப்பிடலைம்மா" என்றான். சொல்லிக்கொடுத்து அனுப்பியது யார் என்று தெரியும்.

துணைக்கு வந்த அண்ணி தன் இரண்டு பிள்ளைகளையும் அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தார். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் நாலு மணி நேரத்துப் பயணம். போகும்போது பேசிக்கொண்டே போய்விட்டோம். திரும்பும்போதுதான் அண்ணி போலீஸ்காரராக மாறினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு, அதனால் எழுந்து நடக்க வசதியாக ரயிலில் போங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஈப்போ, தைப்பிங் என்று நான் கண் அசரும் போதெல்லாம் எழுப்பி நடக்க வைத்தார். எங்கள் பெட்டியைத் தூக்கி மேலே வைத்த சீன அங்கிள் ஒருவர், பட்டர்வொர்த் வந்ததும் கேட்காமலே அதை இறக்கி பிளாட்பாரம் வரை கொண்டுவந்து கொடுத்தார். பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த யாராவது அவருக்குச் சொன்னால் நல்லது.

வார்டு மிஸ்ஸிகளில் (நர்ஸ்களில்) ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயிறு வலிக்கும் என்று நினைத்திருந்தேன், வலித்ததோ தோள்பட்டை. உள்ளே இடம் உண்டாக்குவதற்காக வயிற்றில் கரியமில வாயுவை நிரப்புவார்களாம். அதில் மிச்சம் இருப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும், நடந்தால் குறையும் என்று அவர்தான் விளக்கினார். விளக்கியதோடு விடவில்லை. நடுச்சாமத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு வார்டைச் சுற்றி வந்தார். "காலையில பிள்ளைங்க வீடியோ கால்ல பாக்கிறப்ப நிமிந்து நிக்க வேணாமா?" என்று சொல்லியே இன்னொரு சுற்று நடக்க வைத்தார். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால், பிள்ளைகளுக்கு நான் ஒரு கைத்தொலைபேசித் திரைதான். மகள் திரையை நக்கினாள். மகன், "வெட்டி எடுத்ததை எங்கே வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன். அவனுக்கு அது போதவில்லை, போட்டோ வேண்டுமாம்.

பிரிக்பீல்ட்ஸில் சித்தி என்னை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார். 30 மில்லி பிடிக்கும் மருந்துக் குவளையில் ஊற்றி, வாய் வாயாக நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மறந்தாலும் சித்தியின் கைத்தொலைபேசி மறக்காது. அதில் அவர் வைத்த அலாரம் ஒரு பழைய பக்திப் பாட்டு. இப்போது அதைக் கோயிலில் கேட்டாலும் எனக்குத் தாகம் எடுக்கிறது. கோழி சூப்பை வடிகட்டி, பிறகு பருப்புத் தண்ணீர், பிறகு மசித்த மீன் என்று வாரத்துக்கு வாரம் சரியாக மாற்றிக் கொடுத்தது அவர்தான். அவருக்கு வழி சொல்லிக்கொடுத்த உணவியல் நிபுணர் ஒரு சீனப் பெண். நம் சாப்பாடு அவருக்கு அத்துப்படி. தட்டில் புரதம் முதலில், சோறு கடைசியில். ஒரு நாளைக்குப் புரதம் 60 கிராமுக்குக் குறையக் கூடாது. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். "அப்படியென்றால் ரசம்?" என்று சித்தி கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரசம் தண்ணீர்தான் ஆன்ட்டி" என்று தீர்ப்புச் சொன்னார். சித்தி இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி எங்கள் பிளாட். ஊருக்குத் திரும்பிய பிறகும் நாலு வாரம் மிச்சம் இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. அவர் இருக்கும்போது அவர் பார்த்துக்கொள்வார், இரவு ஷிப்ட் முடிந்து வந்தும் தூங்காமல் பார்த்துக்கொண்டார். அவர் இல்லாத நேரமெல்லாம் நீங்கள். எதிர்வீட்டு மக்சிக் (மலாயில் ஆன்ட்டி) தினமும் சாயங்காலம் வந்து மகளைக் குளிப்பாட்டிவிட்டுப் போனார். வழக்கமாகக் கீழே நின்று ஹாரன் அடிக்கும் வேன் அண்ணன், மகனைப் பாலர் பள்ளியில் விடும் வழியில் மகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வீட்டுக்கும் கொண்டுபோக, மாடி ஏறி வந்து தூக்கிக்கொண்டு இறங்கினார். லிப்ட் பழுதாகிக் கிடந்த வாரத்தில் மேல்மாடிப் பையன்கள், பந்து விளையாடிவிட்டு வேர்வையோடு வருகிறவர்கள், முறை போட்டு அவளை ஏற்றி இறக்கினார்கள். தம்பிகளா, லிப்டைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு இருந்தது.

ஒரு கட்டத்தில் மகள் என்னிடம் கை நீட்டுவதையே விட்டுவிட்டாள். அழுகை வந்தால் நேராகக் கதவருகே போய் மக்சிக் வீட்டைப் பார்த்து நிற்பாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. மக்சிக் அதைக் கவனித்திருக்க வேண்டும், ஆனால் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளைத் தூக்கியதும் முதல் வேலையாக என் பக்கத்தில் கொண்டுவந்து விடுவார். என் வயிற்றின் மேல் ஒரு தலையணையை வைத்து அணை கட்டிவிட்டு, "அம்மா மடி இங்கேதான் இருக்கு" என்று மலாயில் சொல்லி உட்காரவைப்பார். அவர் வீட்டு பக்சிக் (அங்கிள்), மிச்சப் பலகையை வைத்து இரண்டு படி உள்ள ஒரு முக்காலி செய்து கொடுத்தார். அதைக் கட்டிலருகே போட்டதும் மகள் தானாகவே ஏறி வந்து என் அருகில் படுத்துக்கொண்டாள். நிறையப் பேர் பழங்களும் பூக்களும் கொண்டுவந்தீர்கள், எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் அந்த முக்காலிக்கு ஈடு எதுவும் இல்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமலே பணம் அனுப்பிய அண்ணன், என் கணக்குகளைப் பார்த்துக்கொண்ட அலுவலகத் தோழிகள், மகன் படம் வரைந்து அழுத நாளில் எனக்குப் போன் போட்டுக் கொடுத்த பாலர் பள்ளி ஆசிரியை, தண்ணீர்மலை முருகன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள். அப்புறம், அடுத்த பிள்ளை எப்போது என்று கேட்கும் அத்தைமார்களுக்கு: ஒன்றரை வருடத்துக்குக் கருத்தரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை நீங்கள் காக்கப்போகும் அமைதிக்கும் முன்கூட்டியே நன்றி.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், சர்க்கரை மாத்திரையை டாக்டர் குறைத்திருக்கிறார். இரவில் வீட்டுக்காரர் தூங்குகிறார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மூன்றாம் மாதத்துக்கு மேல் கொட்டும், பிறகு வளர்ந்துவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் என்று வைட்டமின்களும் தாதுச்சத்துகளும் எடுக்க வேண்டும். எத்தனை கிலோ குறைந்தது என்று எழுதப்போவதில்லை, அது பந்தியில் பேச்சாகிவிடும்.

இதே சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் அம்மாமார் சிலர் என்னிடம் விசாரித்தீர்கள். இரத்தக் கசிவு, தையல் போட்ட இடம் கசிவது போன்ற அபாயங்கள் இதில் உண்டு. அதையெல்லாம் டாக்டரிடம் தீரக் கேளுங்கள். வீட்டிலும் ஒன்று கேட்க வேண்டும்: ஆறு வாரத்துக்குப் பிள்ளையை யார் தூக்குவது? பதிலாக மூன்று பேரின் பெயராவது வராவிட்டால் தேதி வாங்காதீர்கள். பெயர் குறைகிறது என்றால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இப்போது நான் தூக்கலாம்.

ஆமாம், தூக்கிவிட்டேன். ஆறாவது வாரப் பரிசோதனைக்குக் குடும்பமாகக் கோலாலம்பூர் போனோம். டாக்டர் சரி என்றதும், கே.எல். சென்ட்ரலில் வைத்தே மகளைத் தூக்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எஸ்கலேட்டரைப் பார்த்ததும் "இறக்கு, இறக்கு" என்று காலை உதைத்தாள்.

கடைசியாக ஒரு வேலை. சூப்பும் கஞ்சியும் வந்த பாத்திரங்களில் சில இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. நீல மூடி போட்ட பெரிய டப்பா, கைப்பிடி ஆடும் எவர்சில்வர் தூக்கு, 'ஆர்' என்று பெயிண்டில் எழுதிய குழிக்கரண்டி. யாருடையது என்று பார்த்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா
பட்டர்வொர்த், பினாங்கு