திட்டு வாங்கியவனுக்கே மஞ்சள் கார்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய மைதானங்களில் கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்குச் சத்தம் போடுகிறார்கள் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் செய்தி வரும்போதெல்லாம், அது வெள்ளைக்காரன் புத்தி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன், போன மே மாதம் ஏற்காட்டில் ஒரு கால்பந்து டோர்னமென்ட்டுக்கு லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்கப் போகும் வரை.

ஒரு டீமில் லெஃப்ட் விங், அதாவது மைதானத்தின் இடது ஓரத்தில், ஆடியது பதினேழு வயதுப் பையன். அப்பா அம்மா காபித் தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். இவன் இங்கேயே வளர்ந்து இங்கேயே தமிழில் படித்தவன், "ஆஃப்சைடாண்ணே?" என்று என்னிடம் கேட்டபோது பேச்சில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நல்ல வேகம், இடது காலில் பந்து ஒட்டிக்கொண்டே வரும். முதல் கோலை அவன்தான் போட்டான். போட்டதும் நான் நின்ற பக்கத்துக் கூட்டத்தில் ஆரம்பித்தது. முதலில் 'வடக்கன்'. அப்புறம் அவன் நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தை, அதை இங்கே எழுத மாட்டேன். அப்புறம் அவன் பந்தைத் தொட்டாலே குரங்குச் சத்தம். யாரோ பாதி தின்ற மக்காச்சோளக் கதிரை அவன் காலடியில் விட்டெறிந்தார்கள், மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் காரை நிறுத்திக் குரங்குகளுக்கு எறிவார்களே, அதே மாதிரி. மைக்கில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவராவது அதட்டுவார் என்று பார்த்தால், "நம்ம ஏற்காட்டுல குரங்குக்கா பஞ்சம்" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிச் சிரித்தார். மைதானமே சேர்ந்து சிரித்தது.

பையன் பந்தை எடுத்துக் கூட்டத்தைப் பார்த்து ஓங்கி உதைத்தான். ரெஃப்ரி ஓடி வந்து மஞ்சள் கார்டை எடுத்தார். அவனுக்குத்தான்.

நான் பத்தடி தூரத்தில் கொடியோடு நின்றிருந்தேன். எல்லாமே என் காதில் விழுந்தது, ஆனாலும் ரெஃப்ரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் இடைவேளை வரை அவன் பந்து கேட்கவே இல்லை, கோட்டுப் பக்கம் வராமல் உள்ளே உள்ளே தள்ளியே ஓடினான். விங்கில் ஆடுகிறவன் கோட்டுப் பக்கம் வரப் பயந்தால் என்ன ஆட்டம் ஆட முடியும்? இடைவேளைக்குப் பிறகு அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் ரியல் மாட்ரிட் டீமின் பிரேசில் வீரர் வினிசியஸ் ஜூனியர் நினைவுக்கு வந்தார். 2023 மே 21 அன்று ஸ்பெயினின் வலென்சியா மைதானத்தில் அவருக்கு நடந்ததும் இதேதான். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருந்த ஒருவரை அவர் விரல் நீட்டிக் காட்ட, ஆட்டம் சில நிமிடம் நின்றது, மறுபடி நடந்தது, கடைசி நிமிடங்களில் நடந்த தள்ளுமுள்ளில் சிவப்பு கார்டு வாங்கி வெளியே போனது வினிசியஸ். திட்டியவர்கள் கேலரியிலேயே இருந்தார்கள். ஆனால் அங்கே விஷயம் அதோடு முடியவில்லை. அந்தக் கார்டை ரத்து செய்தார்கள், வலென்சியா கிளப்புக்கு அபராதம் போட்டு மைதானத்தின் ஒரு பகுதியையும் சில ஆட்டங்களுக்கு மூடினார்கள், 2024 ஜூனில் மூன்று ரசிகர்களுக்கு நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத் தண்டனையும் இரண்டு வருடம் மைதானத்துக்குள் வரத் தடையும் விதித்தது. ஸ்பெயினில் கால்பந்து மைதானத்து இனவெறி ஏச்சுக்கு வந்த முதல் தண்டனை அதுதான். 2006இலேயே அதே ஸ்பெயினின் சரகோசா மைதானத்தில் இதே அவமானம் தாங்காமல் பார்சிலோனாவுக்கு ஆடிய கேமரூன் வீரர் சாமுவேல் எட்டோ வெளியே நடக்கப் போனார், அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து அவரைச் சமாதானப்படுத்தித் திரும்ப ஆட வைத்தார்கள். அதிலிருந்து ஒரு தண்டனை வரப் பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

கூட்டம் என்றால் கிண்டல் இருக்கத்தான் செய்யும், இதைப் போய்ப் பெரிதாக்காதே என்று கமிட்டிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். கிண்டல் எனக்கும் தெரியும். நான் ஆடிய காலத்தில் காலிக் கோலில் அடிக்காமல் விட்டதற்கு ஊரே என்னைத் திட்டியிருக்கிறது, அது என் ஆட்டத்துக்குக் கிடைத்தது. 2021 யூரோ இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவரும் பெனால்டியைத் தவறவிட்டார்கள், இங்கிலாந்து ரசிகர்களுக்கு வயிறு எரிந்திருக்கும், சரி. ஆனால் அன்றிரவு அவர்களுக்குப் போனில் வந்து குவிந்தது பெனால்டியைப் பற்றி இல்லையே, தோலைப் பற்றித்தானே? ஏற்காட்டுப் பையன் தவறாக ஆடக்கூட இல்லை, கோல் போட்டான்.

நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல நமக்கு வாயே கிடையாது. நம்மூர் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த் தன் நிறத்துக்காகச் சிறு வயதிலிருந்தே கேட்ட பேச்சுகளை 2017இல் வெளிப்படையாக எழுதினார். பக்கத்துக் கேரளாவின் மலப்புறத்தில் 2024 மார்ச்சில் செவன்ஸ் என்கிற ஏழு பேர் கால்பந்து ஆட வந்த ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவர், கூட்டம் தன்னை இனத்தைச் சொல்லித் திட்டியதாகவும் துரத்தி அடித்ததாகவும் போலீசில் புகார் கொடுத்தார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா மூன்று படி வைத்திருக்கிறது. முதலில் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி மைக்கில் எச்சரிக்கை சொல்லச் சொல்வார், அடங்கவில்லை என்றால் வீரர்களை உள்ளே அனுப்பி ஆட்டத்தைத் தள்ளிவைப்பார், அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆட்டமே ரத்து. 2024 மே மாதம் பாங்காக் மாநாட்டில் ஒரு சைகையையும் கொண்டு வந்தார்கள், வீரர் இரண்டு கைகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் காட்டினால் ரெஃப்ரி இந்தப் படிகளைத் தொடங்க வேண்டும். அதே ஆண்டு ஜனவரியில் இத்தாலியின் உதினே நகரில் மிலான் டீமின் கறுப்பின கோல்கீப்பர் மென்யான் இதே சத்தத்தைக் கேட்டு ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார், மொத்த டீமும் அவர் பின்னால் போனது. எனக்கு அதில் பிடித்ததே அந்த டீம் போனதுதான். நம் பையன் பின்னால் ஒருத்தன்கூட வரவில்லை.

நம் மைதானங்களில் கேமரா இல்லை, டிரஸ்ஸிங் ரூம்கூடக் கிடையாது, மரத்தடியில்தான் ஜெர்சி மாற்றுகிறார்கள். ஆனால் விசில் இருக்கிறது, மைக் செட் இருக்கிறது, இந்த மூன்று படிக்கு அது போதும். டோர்னமென்ட் நோட்டீசில் நுழைவுக் கட்டணம், ஜெர்சி கட்டாயம், ரெஃப்ரியின் முடிவே இறுதியானது என்றெல்லாம் அச்சடிக்கிறோமே, அதன் கீழேயே இதையும் அச்சடியுங்கள்: நிறம், சாதி, ஊர், மொழி சொல்லித் திட்டினால் ஆட்டம் நிற்கும், மூன்றாவது முறை எந்த டீமின் ஆட்கள் திட்டினார்களோ அந்த டீம் தோற்றதாக அறிவிக்கப்படும். மைக் பிடிப்பவரை ஆட்டத்துக்கு முன்பே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அன்று கூட்டத்துக்குத் துணிச்சல் கொடுத்தது அந்த ஒலிபெருக்கிதான். லைன்ஸ்மேன் காதில் விழுந்தால் கொடியைத் தூக்கியே ஆக வேண்டும் என்பதையும் விதியாக எழுதுங்கள். என்னைப் போல இன்னொருவன் சும்மா நிற்கக் கூடாது.

இந்த வருடமும் கொடி பிடிக்க வரச் சொல்லி அதே கமிட்டியிலிருந்து போன் வந்தது. நோட்டீசில் அந்த வரி வந்தால்தான் வருவேன் என்றேன். பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அந்தப் பையன் ஆட வருகிறானா என்று கேட்டேன், பெயர் கொடுக்கவில்லை என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆட்டக்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.