சமையலறை இழுப்பறையில் கிடந்த சாவி: நம் தமிழ்ப் பள்ளியின் கட்டடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டடக் குழுவினருக்கு வணக்கம்.

நம் பள்ளிக் கட்டடத்தின் 14 கதவுகளிலும் உள்ள பூட்டுகளைக் கைப்பிடியோடு கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பூட்டுகள் போடுவதெனத் தீர்மானித்திருப்பதாகச் சென்ற மாதச் சுற்றறிக்கையில் படித்தேன். உங்கள் கவலை நியாயமானது. இக்கட்டடம் முன்பு தேவாலயப் பள்ளியாக இருந்தபோது கொடுக்கப்பட்ட சாவிகள், நம்மில் பொறுப்பேற்று விலகியவர்களிடம் தங்கிவிட்ட சாவிகள், ஆண்டு விழாவுக்கு மேடை அமைக்க வந்தவர்கள் வாங்கிப்போய்த் திரும்பாத சாவிகள் என எத்தனை வெளியே இருக்கின்றன என்பதை இன்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆயினும் அதற்காகப் பூட்டுகளையே மாற்றுவது வீண் செலவு. இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பூட்டுப் பட்டறையில் 12 ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையிலும், ஞாயிறுதோறும் இரண்டு பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விடும் தகப்பன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

நம் கதவுக் கைப்பிடியில் சாவித் துவாரத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். துவாரத்தைச் சுற்றி 8 என்ற எண்ணின் வடிவில் ஒரு கோடு ஓடும். அந்த எட்டு வடிவ உலோகத் துண்டைத்தான் நாங்கள் கோர் என்கிறோம். எந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பின்கள் என்ற சிறு உலோகக் குச்சிகளும் ஸ்பிரிங்குகளும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. கண்ட்ரோல் சாவி எனப்படும் தனிச் சாவியை நுழைத்து 15 டிகிரி திருப்பினால், கோரின் விலாவில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பல் உள்ளே ஒடுங்கும். சாவியைப் பிடித்து இழுத்தால் கோர் முழுதாகக் கையோடு வந்துவிடும். திருப்புளி தேவையில்லை, கைப்பிடியைக் கழற்றவும் தேவையில்லை. ஒரு கதவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 1920களில் சியாட்டிலில் ஃபிராங்க் பெஸ்ட் என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் வழியாகப் பரவிய ஏற்பாடு இது. நூற்றுக்கணக்கான கதவுகள் உள்ள பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் இதை விரும்பி ஏற்றதற்கு இந்தச் சுலபமே காரணம். இன்று வேறு பல நிறுவனங்களும் இதே அளவில் கோர் செய்வதால், நம் கைப்பிடிகளை வைத்துக்கொண்டே வேண்டியதை வாங்கிப் பொருத்தலாம். பெரிய அளவு கோர்கள் என்று வேறொரு வகையும் உண்டு. அவை நிறுவனத்துக்கு நிறுவனம் வடிவம் மாறுபவை, நம் கதவுகளில் நுழையாதவை. விலை குறைவு என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக அவற்றை வாங்கிவிட வேண்டாம்.

இனி நான் உண்மையில் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் விழா அன்று கரண்டி தேடிச் சமையலறை இழுப்பறையைத் திறந்தபோது, ஏலக்காய்ப் பொட்டலத்துக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே ஒரு சாவிக்கொத்து கிடந்தது. அதில் ஒரு சாவியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்து, பின்வாசல் கதவில் நுழைத்துத் திருப்பினேன். சிறிது திரும்பி நின்றது. இழுத்தேன், கோர் என் உள்ளங்கையில் இருந்தது. கோர் வெளியே வந்துவிட்ட பூட்டைத் திறக்கச் சாவியே வேண்டியதில்லை என்பதோடு, அந்தக் கோரைப் பிரித்துப் பின்களை அளந்தால் எல்லாக் கதவுகளையும் திறக்கும் மாஸ்டர் சாவியின் வெட்டுகளையும் ஊகித்துவிடலாம். கோரை அப்போதே திரும்பப் பொருத்திவிட்டு, கொத்தை உறையிலிட்டு ஒட்டிப் பொருளாளரிடம் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன்பு அது எத்தனை நாள் அங்கே கிடந்தது, யார் யார் கையில் புழங்கியது என்பதற்குப் பதில் இல்லை. ஆகவே, வகுப்பறைச் சாவிகளையும் மாஸ்டர் சாவியையும் மட்டுமல்லாமல் கண்ட்ரோல் சாவியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புதிய கோர்களை வாங்கித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. இருப்பவற்றிலேயே பின்களை மாற்றி அடுக்கலாம். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நம் கோர்கள் ஏ2 என்ற முறையைச் சேர்ந்தவை. அதில் கோருக்குள் இருக்கும் ஒவ்வொரு பின் துளையிலும், அதாவது அறையிலும், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பின்களின் நீளக் கூட்டுத்தொகை 23 அலகு வர வேண்டும். ஓரிடத்தில் வகுப்பறைச் சாவியின் வெட்டு (பள்ளத்தின் ஆழ எண்) 2, மாஸ்டர் சாவியின் வெட்டு 4, கண்ட்ரோல் சாவியின் வெட்டு 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் 2, அதன்மேல் 2, அதன்மேல் 12, உச்சியில் 7 என்று பின்கள் நிற்கும். சாவி திரும்புவதற்குப் பின்கள் பிரிய வேண்டிய கோடு கண்ட்ரோல் சாவிக்கு மட்டும் 10 அலகு மேலே இருப்பதால் 6-உடன் 10-ஐக் கூட்டி 4-ஐக் கழித்து அந்த 12 வருகிறது. ஓர் அலகு என்பது ஓர் அங்குலத்தில் 0.0125 பங்கு. கோருக்கு 7 அறை வீதம் 14 கோர்களுக்கு 98 முறை இப்படி அடுக்கி, ஸ்பிரிங் வைத்து, மேலே மூடி அழுத்த வேண்டும். ஒரே ஒரு பின் மாறினாலும் சாவி இறுகும் அல்லது திரும்பவே திரும்பாது. ஆகையால் அடுக்கும் வேலையை என்னிடமோ பழகிய வேறு பூட்டுத் தொழிலாளரிடமோ விட்டுவிட்டு, பொருத்துவதற்கு மட்டும் தன்னார்வலர்களை அழைக்கலாம்.

பொருத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பூட்டுக்குள்ளிருந்து நீளும் இரண்டு முனைகள் கோரின் பின்புறத்துத் துளைகளில் சேர வேண்டும். அவை சாய்ந்திருந்தால் கோர் கடைசி வரை போகாமல் முகம் துருத்திக்கொண்டு நிற்கும். அந்நேரத்தில் சுத்தியலைத் தேடாமல், கோரை வெளியே எடுத்து முனைகளைத் திருப்புளியால் நேராக்கிவிட்டு மறுபடி நுழைக்க வேண்டும். கோர் சரியாக அமர்ந்த பின்பே கண்ட்ரோல் சாவி பழைய நிலைக்குத் திரும்பி வெளியே வரும். பிறகு வகுப்பறைச் சாவியைப் போட்டு, கதவு திறந்திருக்கும்போதே இரண்டு முறை பூட்டித் திறந்து பாருங்கள். கதவைச் சாத்திவிட்டுச் சோதித்து, வெளியே குளிரில் நின்றவர்கள் எங்கள் பட்டறையிலேயே உண்டு.

புதிய சாவிகளுக்கு மளிகைக் கடை வாசலில் உள்ள எந்திரத்தில் நகல் எடுக்க வேண்டாம். நம் சாவி நுனி முட்டி நிற்கும் வகை. பிடிக்கு அருகே அகலும் தோள்பட்டையை வைத்து அளக்கும் எந்திரத்தில் வெட்டினால் பள்ளங்கள் இடம் தவறும். நகல் எடுக்கக் கூடாது என்று சாவியில் பொறிப்பதும் பெரும்பாலும் ஒரு வேண்டுகோள் அளவில்தான் நிற்கும்.

அரங்கத்தின் பின்வாசலில் கொண்டியும் தொங்குபூட்டும் போடுவதாகச் சுற்றறிக்கையில் இருக்கும் வரியை மட்டும் தயவுசெய்து உடனே நீக்குங்கள். 50 பேரும் அதற்கு மேலும் கூடும் அரங்கின் வெளியேறும் கதவு, உள்ளிருந்து தள்ளினாலே சாவியின்றித் திறக்க வேண்டும் என்பது இங்குள்ள கட்டட, தீயணைப்பு விதிகளின் அடிப்படை. அக்கதவில் ஏற்கெனவே தள்ளுகம்பி இருக்கிறது. வெளிப்பக்கத்துக் கோரை மாற்றினால் போதும்.

கண்ட்ரோல் சாவி இரண்டே வெட்டலாம்: ஒன்று ஒட்டிய உறையில் வங்கிப் பெட்டகத்துக்கு, மற்றொன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பொறுப்பாளருக்கு. பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை காலை 8 மணிக்கு பின்கள் அடங்கிய என் பெட்டியோடும் கருவிகளோடும் வர ஆயத்தமாக இருக்கிறேன், கூலி வேண்டாம். பதிவேட்டில் எழுத ஒருவரும், கதவுகளைத் திறந்து பிடித்துக்கொள்ள இருவரும் கிடைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை, ஐந்தாம் நிலை மாணவர்களின் தகப்பன்