எழுந்து நின்ற அரங்கம்

பாரிஸ்
12 அக்டோபர் 2019

அன்புள்ள கீதா,

உன் கடிதம் வந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து வாசல்வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம்.

போன வாரம் பஸ்தீய் ஓபராவுக்குப் போயிருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் 'லேஸ் ஆந்த் கலாந்த்' என்ற ஓபரா. பெயரில் 'இந்தியாக்கள்' உண்டு, கதையில் இந்தியா கிடையாது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் கடல் கடந்த தூர தேசங்களையெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். துருக்கி, பெரு, பாரசீகம் என்று 1735-ல் மேடையேறியது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை மறு வருஷம் சேர்ந்தது.

அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். 1725-ல் லூசியானாவிலிருந்து வந்த பூர்வகுடிகள் இரண்டு பேர் பாரிஸ் மேடையில் ஆடினார்கள். அதைப் பார்த்துவிட்டு ராமோ ஹார்ப்சிகார்டுக்கு (பியானோவுக்கு முந்திய விசைப்பலகை வாத்தியம்) ஒரு சின்ன உருப்படி எழுதி, 'லே சோவாஜ்', அதாவது காட்டுமிராண்டிகள், என்று பெயர் வைத்தார். அதே மெட்டுத்தான் ஓபராவிலும் வருகிறது.

இந்தத் தயாரிப்பின் இயக்குநர் க்ளெமான் கொஜிதோர் சினிமாவிலிருந்து வந்தவர். நடனம் பின்து தெம்பெலே, பிரான்ஸில் ஹிப்ஹாப்பை வளர்த்தவர்களில் ஒருவர். அந்த மெட்டுக்கு அவர்கள் வைத்தது கிரம்ப். லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின இளைஞர்கள் தெருவில் உருவாக்கிய ஆட்டம் அது. தாளம் ஆரம்பித்ததும் கூட்டமாக நெருங்கி நின்றார்கள். கால் தரையை அறைகிறது, நெஞ்சு முன்னால் வெட்டுகிறது, கை காற்றைக் குத்துகிறது. நடுவில் ஒருவர் ஆட, சுற்றி நிற்பவர்கள் குரல் கொடுத்து ஏற்றிவிடுகிறார்கள். பல்லவி திரும்பத் திரும்ப வரும் மெட்டு அது, ஒவ்வொரு முறையும் ஆட்டம் ஒரு படி ஏறியது. என் பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. முதல் பாதி முழுக்கக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தவர், இப்போது அதன் மேலேயே விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அரங்கமே எழுந்தது. பை கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் அவரும் எழுந்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

எல்லோரும் எழவில்லை. முன்வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். இடைவேளையில் அவர்தான் படிக்கட்டில் நின்று, "பாட்டைக் கேட்கவே விடமாட்டேன் என்கிறார்கள்" என்று நொந்துகொண்டிருந்தார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சபீன் தெவியேல் மாதிரி ஒருவர் பாடும்போது பின்னால் பத்துப் பேர் நகர்ந்தால் கண் அங்கேதான் போகும். பாரசீகப் பகுதியில் எனக்கும் அந்த எரிச்சல் வந்தது.

ஆனால் கிரம்ப் விஷயத்தில் நான் அந்த அம்மாவின் பக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஓர் உள்துறை அமைச்சர் குற்றம் செய்யும் இளைஞர்களை 'சோவாஜோன்' என்றார், குட்டிக் காட்டுமிராண்டிகள். அந்தச் சொல், குடியேறிகளும் ஏழைகளும் அதிகம் வாழும் புறநகர்களின் பிள்ளைகள்மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதே புறநகர்களில் வேர்பிடித்த நடனத்தை, அதே பெயர் கொண்ட இசைக்கு, நாட்டின் பெரிய மேடையில் ஆடுகிறார்கள், கீதா. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ராமோவை இத்தனை வருஷமாக அழகான அலங்கார இசை என்றுதான் கேட்டுவந்திருக்கிறேன். அதற்குள் இவ்வளவு வேகம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே வந்து மெட்ரோவில் நிற்கும்போது ஒன்று உறுத்தியது. ஆடியவர்களின் அக்கம்பக்கத்து ஜனங்கள் எத்தனை பேர் அன்றைக்கு உள்ளே இருந்திருப்பார்கள்? டிக்கெட் விலையைப் பார்த்தால் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

சரி, 2017-லேயே கொஜிதோர் இந்த ஒரு நடனத்தை மட்டும் ஆறு நிமிஷக் குறும்படமாக எடுத்திருக்கிறார், இணையத்தில் இருக்கிறது. மகளிடம் போட்டுத் தரச் சொல். காலை நீட்டி உட்கார்ந்து பார். மிருதங்கம் வாசித்த கை உன்னுடையது, அந்தத் தாளம் உனக்கு எப்படிக் கேட்கிறது என்று எழுது.

அன்புடன்,
வசந்தி